திங்கட்கிழமைகளில் கிளம்பும் வண்டி

சித்தப்பா அந்த மோட்டார் சைக்கிளை விட்டு இன்னும் இறங்கவில்லை என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர். ஆவி, சகுனம், கெட்ட நேரம் போன்ற சொற்களுக்கு எங்கள் வீட்டுக்குள் அனுமதி கிடையாது. இருந்தும், எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த ஆண்டின் லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், வீட்டின் பின்புறக் கொட்டகையில் நின்ற வண்டியின் இருக்கைமீது எவரும் கை ஊன்றவில்லை. துணி உலர்த்தப் போன அம்மா அதைச் சுற்றிக்கொண்டு போனாள். பந்தை எடுக்கப் போகும்போது நான் வாசலிலேயே நின்று ஒருமுறை இருமுவேன். உள்ளே இருப்பவருக்கு நாம் வருவது தெரியவேண்டும் அல்லவா?

நாற்பதை நெருங்கும் என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். செகந்திராபாத்தில் தெருவுக்கொரு கணினிப் பயிற்சிக் கூடம் முளைத்துக்கொண்டிருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும் நொடியில் உலகத்துக் கணினிகள் எல்லாம் ஒருசேர நின்றுவிடும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அதைத் தடுக்கப் போகிறவர்களாக அண்டை வீட்டு அண்ணன்கள் விமானம் ஏறினார்கள். நன்றாக ஓடும் இயந்திரம் திடீரென்று நின்றுபோகக்கூடும் என்பதைப் படித்தவர்களே நம்பிய காலம் அது. ஊரின் வடக்கு ஓரமான போலாரத்தில் எங்கள் வீட்டு இயந்திரம் சற்று முன்னதாகவே நிற்கத் தொடங்கியிருந்தது.

சித்தப்பா இறந்தது முந்தைய ஆகஸ்டில், மழை விட்டிருந்த ஒரு மாலையில். அவருக்கு முப்பத்துநான்கு வயது. அவரும் அப்பாவும் ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வண்டியை ஓட்ட, அப்பா பின்னால் அமர்ந்திருந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில் ஒன்று கடந்துபோயிற்று. கேட் உயர்ந்தது, முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தன. எங்கள் வண்டி மட்டும் நகரவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, கைப்பிடியைப் பற்றியபடி தலை குனிந்திருந்தார். ரயில் கடந்துகொண்டிருந்தபோதே இருதயம் நின்றிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னாராம். கேட் உயர்ந்ததற்கும் அப்பா இறங்கித் தம்பியின் முகத்தைப் பார்த்ததற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களைப் பற்றி அப்பா எவரிடமும் பேசியதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: "கேட்டத் தொறந்தாங்க. அவன் எடுக்கல."

அந்த வண்டி ராணுவ ஏலத்தில் வந்தது. படைப்பிரிவின் பணிமனையில் சித்தப்பா கிடங்குக் காப்பாளராக இருந்தார். ஏலத்தில் எடுத்த வண்டிக்குக் கறுப்பு வண்ணம் பூசினார். ஆனால் எங்கே கீறல் விழுந்தாலும் அடியிலிருந்து பாசிப்பச்சை எட்டிப் பார்க்கும். முகப்பு விளக்கின் இரு புறமும், புருவத்தை ஒட்டிய கண்களைப் போல, இரண்டு சின்ன விளக்குகள். அவற்றை எரியவிட்டால் பின்னால் சிவப்பு விளக்கும் சேர்ந்து எரியும். மேலே, கைக்கடிகாரம் அளவில் ஒரு கண்ணாடி வட்டம்; அதற்குள் ஒற்றை முள். பேட்டரிக்கு மின்சாரம் சேர்ந்தால் முள் வலப்பக்கம் சாயும், செலவானால் இடப்பக்கம். "இதுதான் இவனோட நாடி" என்று சித்தப்பா என்னிடம் காட்டியிருக்கிறார். அவர் போன பிறகு, ஜீடிமெட்லாவில் மருந்து ஆலையில் வேலை பார்த்த அப்பா அதை ஓட்டத் தொடங்கினார். ஆறு மணி ஷிப்டுக்கு அந்த நேரத்தில் பேருந்து கிடையாது.

சித்தியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், திருமணத்துக்காக எங்கள் புராட்டஸ்டண்டு சபைக்கு வந்தவர். குழந்தைகள் இல்லை; ஒரு பள்ளியில் வேலை பார்த்தபடி எங்களுடனேயே இருந்தார். இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர் பிறந்த வீட்டில் சோறு வடிப்பதைப் போல இயல்பான காரியம். எங்கள் வீட்டில் அது பாவம். சித்தப்பா இறந்த முப்பதாம் நாள், அவருடைய புகைப்படத்துக்கு முன்னால் சித்தி ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்திருந்தார். அப்பா அருகே போய், இரண்டு விரல்களால் திரியைக் கிள்ளி அணைத்தார்.

"நம்ம வீட்ல இந்தப் பழக்கம் கெடையாதும்மா. போனவனுக்கு இனி நாம செய்யதுக்கு ஒண்ணுமில்ல."

"சரி அத்தான்" என்றார் சித்தி.

அப்பாவின் விரல் நுனிகளில் மெழுகு ஒட்டியிருந்தது. இரவு உணவு முடியும்வரை அவர் அதை உரிக்கவே இல்லை. சோற்றையும் இடக்கையில் கரண்டி பிடித்து அள்ளி உண்டார். கண்டிப்பான மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள்போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

குளிர்காலம் முடிந்து லெந்து நாட்கள் தொடங்கியபோது வண்டி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. அப்பா விடியலுக்கு முன் எழுந்து, கொட்டகையில் ஒரு மணி நேரம் தனி ஜெபம் செய்வார். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஜெபம் முடிந்து ஐந்தேகாலுக்குக் கிக்கரை மிதிப்பார். இருபது, முப்பது முறை மிதிக்கவேண்டியிருந்தது. சில நாட்களில் கிக்கர் திருப்பி அடித்தது. ஒருநாள் அது அப்பாவின் முழங்காலுக்குக் கீழே தோலைக் கிழித்தபோது, மஞ்சள் பற்றுப் போட்ட அம்மா, "இது மெஷின் ஒதைக்க மாதிரி இல்லீங்க. ஆளு ஒதைக்க மாதிரி இருக்கு" என்றாள். அப்பா அவளைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பினாலும் வண்டி அந்த ரயில்வே கேட்டில் நின்றுவிடும். வேறெங்கும் நிற்காது. முதல் பயணிகள் ரயிலுக்காகக் கேட் மூடியிருக்கும், அப்பா காத்திருப்பார், என்ஜின் திக்கித் திக்கி, முகப்பு விளக்கு மங்கி மங்கி, கேட் உயரும்போது இரண்டும் ஒன்றாக அணைந்துபோகும். சித்தப்பா நின்ற அதே இடம். பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டால், இருப்புப்பாதையைக் கடந்த பிறகு உயிர் வரும்.

இவற்றுக்கும் மேலாக அந்த முனகல் இருந்தது. சில விடியல்களில் கொட்டகைப் பக்கமிருந்து நீளமான, கரகரத்த ஒரு குரல் எழும். நெஞ்சுச்சளி கட்டிய மனிதர் தூக்கத்தில் எதையோ சொல்ல முயல்வதைப் போல. அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அடுத்த அறையில் சித்தி விழித்திருப்பது கட்டில் கிறீச்சிடுவதில் தெரியும்.

ஆனால் திங்கட்கிழமைகளில் வண்டி சாதுவாகக் கிளம்பியது, கேட்டிலும் நிற்கவில்லை. ஞாயிறு ஆராதனையின் ஆசீர்வாதம் ஒருநாள் மட்டும் தாங்குகிறது என்று அம்மா கணக்கிட்டாள்.

மூன்றாம் வாரத்தில் ஆலையில் அப்பாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். இனி ஒருமுறை தாமதமானால் வேலை இருக்காது. அன்று மாலை அம்மா முடிவாகச் சொன்னாள்.

"வித்துருங்க. கடனுக்கு ஒரு ஸ்கூட்டர் எடுப்போம். இல்லேன்னா நான் பிள்ளையக் கூட்டிட்டு ஊருக்குப் போறேன்."

"உனக்கு ஊரே செகந்திராபாத்துதான. எந்த ஊருக்குப் போவ?"

"விளையாடாதீங்க. கால்ல ரத்தம் வந்தாச்சு. வேலை போகப் போவுது. இன்னும் என்ன வேணும் அவருக்கு?"

'அவருக்கு' என்ற சொல் வீட்டுக்குள் முதன்முறையாக விழுந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த சித்தியின் கத்தி நின்றது.

அப்பா, "ஈஸ்டர் போகட்டும். குடுத்துருவோம்" என்றார்.

சித்தி எழுந்து வந்தார். "அத்தான், அவரு கையால தொடச்ச சாமான் வேற ஒண்ணும் இல்ல. நான் ஸ்கூல் சம்பளத்துல ரிப்பேர் பண்ணித் தரேன். விக்க நக்கோ, வேணாம்" என்றார். பதற்றம் வந்தால் சித்தியின் தமிழில் செகந்திராபாத் தானாக நுழைந்துவிடும். அப்பா சித்தியின் முகத்தைப் பார்க்காமல், "பாப்போம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் புதன்கிழமை சபையின் உபதேசியார் ஜெபக்குழுவை அழைத்து வந்தார். பதினைந்து பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். வெயில் தாழ்ந்த நேரம். வேப்பம்பூ உதிர்ந்து பெட்ரோல் டேங்கின்மேல் கிடந்தது. உபதேசியார் கைப்பிடியின்மீது கை வைத்து உரத்த குரலில் கட்டளையிட்டார். அப்பா கண்களை மூடியிருந்தார். அவர் உதடுகள் மட்டும் அசையவில்லை. சித்தி மாலை முழுவதும் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும் தம்ளர் கழுவுவதுமாக இருந்தார்.

மறுநாள் காலை வண்டி மூன்றாவது மிதியில் கிளம்பியது. அம்மா அழுதாள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, நாற்பது முறை மிதித்தும் அசையவில்லை. அப்பா பால் வண்டிக்காரரின் பின்னால் தொற்றிக்கொண்டு ஆலைக்குப் போனார்.

சனிக்கிழமை பகல் மெக்கானிக் வந்தார். லால் பஜாரில் கடை வைத்திருந்த அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வீட்டில் தக்கினி உருது பேசுகிறவர். படைவீரர்களுக்கு வண்டி பழுது பார்த்தே தமிழ் கற்றவர். உபதேசியார் வந்துபோன கதை அவர் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

"கைக்கு சார், எதுக்கு பாதிரியார முதல்ல கூப்பிட்டீங்க? அவரு ஃபீஸ் கம்மியா?" என்றபடி உட்கார்ந்தார். அப்பா சிரிக்கவில்லை.

அவர் வேலை செய்த ஒழுங்கு இன்றும் என் கண்முன் நிற்கிறது. முதலில் பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, என்ஜினின் உடம்பில் அதன் முனை படும்படி சாய்த்துவைத்துக் கிக்கரை மிதித்தார். ஒரு பொறி எழுந்தது; மஞ்சளாக, தூக்கக் கலக்கத்தில் கண் திறப்பதைப் போல. "நீலமா, சட்டுனு வரணும் சார். இது பசியில இருக்கு. அதான் நேரம் தப்பி வெடிக்குது, கால்ல அடிக்குது." பிறகு முகப்பு விளக்கைப் போட்டார். முள் இடப்பக்கம் படுத்துக்கொண்டது. விளக்கு எரியும்போதே ஹாரனை அழுத்தினார்.

கொட்டகையை நிரப்பியது அந்த முனகல். அதே குரல். நடுப்பகலில், வேப்பமரத்தில் அணில் ஓடிக்கொண்டிருக்கும்போது. சமையலறையில் அம்மா கையிலிருந்த தட்டு விழுந்த ஓசை கேட்டது.

"இதுதான், இதுதான் காலையில கேக்கும்!" என்று நான் கத்தினேன்.

"ஹவ், அப்படியா? இது ஹாரன் பாப்பா. பேட்டரி செத்தா ஹாரன் இப்படித்தான் அழும்." அவர் அப்பாவைப் பார்த்தார். "ஆனா ஹாரன் தானா அடிக்காது சார். யாராவது கை வைக்கணும்."

அப்பா தரையைப் பார்த்தபடி, "பூனை ஏறியிருக்கும்" என்றார். என் வாழ்நாளில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. அப்போது எனக்கு அது பொய்யென்று தெரியாது.

இருக்கைக்குக் கீழே பேட்டரி இருந்த பெட்டியைத் திறந்தார். இணைப்புகளில் வெண்பச்சையாக உப்புப் பூத்திருந்தது. வெந்நீர் கேட்டு வாங்கி ஊற்றிக் கழுவினார், கிரீஸ் தடவினார். அளவுமானியின் இரு கம்பிகளையும் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆறு வோல்ட் பேட்டரி, ஐந்தைக்கூட எட்டவில்லை. கேட்டில் நிற்கும்போது என்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் பேட்டரிக்கு மின்சாரம் சேர்வதில்லை. விளக்கு எரிகிறது, பிரேக்கை மிதித்தால் பின்விளக்கும் கூடுதலாக எரிகிறது. மிச்சம் இருப்பதையும் அவை உறிஞ்சிவிட, பொறி இல்லாமல் என்ஜின் அணைகிறது. எந்தச் சிக்னலில் அவ்வளவு நேரம் நின்றாலும் இதுவே நடக்கும் என்றார். அப்பாவின் வழியில் இருந்தது அந்தக் கேட் ஒன்றுதான்.

"வண்டி தினமும் ஓடுது. அப்புறமும் ஏன் காலி ஆகுது? யாரோ என்ஜின் ஆஃப்ல லைட் எரிய விடறாங்க. எந்தெந்த நாள் நல்லா கிளம்புது?"

"திங்கக்கெழம மட்டும்" என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து. "அப்புறம் ஜெபம் நடந்ததுக்கு மறுநாள்."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்ல யாரு இருப்பாங்க?"

"யாருமில்ல. எல்லாரும் கோயிலுக்குப் போயிருவோம்."

"ஜெபம் நடந்தப்ப?"

"எல்லாரும் இங்கதான் நின்னோம்."

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். "அப்ப மத்த நாள்ல யாரோ இருக்காங்க" என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் நால்வரில் ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேட்டரியைச் சார்ஜ் ஏற்றித் தருவதாகக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாளே கொண்டுவந்து பூட்டியும் விட்டார். தினமும் காலையில் எத்தனை மிதியில் கிளம்புகிறது என்று எழுதி வைக்கும்படி என்னிடம் சொல்லியிருந்தார். என் சரித்திர நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டேன்.

திங்கள், ஒரே மிதி. செவ்வாய், நான்கு. புதன், பதினேழு.

புதன் மாலை அப்பா சபையார் ஒருவர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு நடந்து போயிருந்தார். அம்மா ரேஷன் கடையில். எனக்கு மெக்கானிக்கின் சொற்கள் நினைவில் உறுத்திக்கொண்டிருந்தன. கொட்டகையின் பலகைச் சுவரில் ஒரு பிளவு உண்டு. அதன் வழியாகச் சிவப்பு ஒளி ஒரு கோடாக வெளியே கசிந்து செம்பருத்திச் செடியின்மேல் விழுந்திருந்தது. இருமவும் மறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டில் இரண்டு சின்னக் கண்கள் மஞ்சளாக விழித்திருந்தன. அவற்றுக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் சித்தி அமர்ந்திருந்தார். காலடியில் சமையலறைக் கடிகாரம். மடியில் ஜெபமாலை. அது அவரிடம் இன்னும் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

"வாடி" என்றார், திரும்பாமலே. "மெழுகுவத்திதான் கூடாது. இது வண்டி லைட்டு. இதுல என்ன பாவம்?"

"எவ்வளவு நேரம் சித்தி?"

"ஒரு மணி நேரம். ஒரு மெழுகுவத்தி எரிஞ்சு முடியற நேரம். மணி பார்த்துத்தான் அணைப்பேன்."

நான் பேட்டரியைப் பற்றி, மஞ்சள் பொறியைப் பற்றி, இடப்பக்கம் படுத்துக்கொள்ளும் முள்ளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி கிளம்பாவிட்டால் அதை விற்றுவிடுவார்கள் என்பதையும் சொன்னேன். சித்தி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, விநோதமான ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு மணி நேரத்தை அது தாங்குமாமா? ஒண்ணே ஒண்ணு?"

"தாங்கும்னுதான் நினைக்கிறேன். அதுக்கு மேல போனாத்தான் தாங்காது."

சித்தி எழுந்து விளக்கை அணைத்தார். ஜெபமாலையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "இனி போடமாட்டேன். யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். அத்தனை விரைவில் அவர் விட்டுக்கொடுத்தது எனக்கு வியப்பாக இருந்தது. வண்டி விற்கப்படாமல் இருக்கவேண்டும் என்பதற்காக என்று எண்ணினேன்.

வியாழன், மூன்று மிதி. வெள்ளி, ஐந்து. அதற்கடுத்த வாரமும் அப்படியே. வண்டி கிளம்பியது, கேட்டில் அணையவில்லை, ஆனால் முழு உடல்நலம் திரும்பவில்லை. மெக்கானிக் என் நோட்டைப் படித்துத் தலையை ஆட்டினார். "முன்னாடி ரெண்டு பேரு குடிச்சாங்க. இப்ப ஒருத்தர். ஆனா இன்னும் குடிக்கிறாங்க பாப்பா." சித்தி வாக்கு மாறுகிறவர் அல்லர். அம்மா அந்தப் பக்கமே போவதில்லை. அப்படியானால் எஞ்சியவர் ஒருவர்தான். அவர் ஆகஸ்டில் இறந்துபோனவர்.

பெரிய வெள்ளியன்று ஆலைக்கு விடுமுறை. கிழக்கு வெளுக்கத் தொடங்கிய வேளையில் முனகல் கேட்டு விழித்தேன். பக்கத்தில் அம்மா உறங்கிக்கொண்டிருந்தாள். எது என்னை எழுப்பி நடக்கவைத்ததென்று தெரியவில்லை. பயம் முற்றிப்போனால் அது நம் கையைப் பிடித்து அழைத்துப் போகும்போலிருக்கிறது. செம்பருத்திச் செடியின்மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. பிளவில் கண்ணை வைத்தேன்.

வண்டியின்மேல் அப்பா இருந்தார். முன்னிருக்கையில் அல்ல, பின்னிருக்கையில். முன்னிருக்கையை வெறுமையாக விட்டு, அதில் ஒருவர் அமர்ந்திருந்தால் எவ்வளவு இடைவெளி விடுவாரோ அவ்வளவு விட்டு, நிமிர்ந்து அமர்ந்திருந்தார். அவருடைய வலது கை முன்னால் நீண்டு, காற்றில், ஒரு மனிதனின் முதுகு இருக்கவேண்டிய உயரத்தில், விரித்தபடி நின்றது. இரு சின்ன விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

ஜெபத்தில் ஒலிக்கும் குரல் அல்ல அது. சிறுவயதில் தெற்கே சொந்த ஊரில் பேசிய பேச்சு.

"ஏல, கேட்டத் தொறந்துட்டான்லா. எடுல. பின்னால எல்லாரும் கத்துதாங்க." சற்று நேரம் காத்திருந்தார். "கோவத்துல முதுகுல ஒண்ணு போட்டுட்டேன். கொஞ்சம் பலமாத்தான் போட்டேன். ஏன்ல எடுக்க மாட்டங்கன்னு வஞ்சேன். அடிக்கும்போது இருந்தியா நீ, போயிட்டியா? அத மட்டும் சொல்லிரு. வேற ஒண்ணும் கேக்கல."

பதில் வரவில்லை. அப்பா அந்த வெற்றிடத்துக்கு மேலாக மெல்லக் குனிந்து, கைப்பிடியை எட்டிப் பிடித்து, நெற்றியை டேங்கின்மேல் வைத்தார். ஹாரன் முனகியது. விளக்குகள் மஞ்சளிலிருந்து செம்மைக்கு இறங்கி, தணலைப் போலச் சுருங்கின. அவர் அப்படியே கிடந்தார். நான் வந்த வழியே, ஈரத்தரையில் என் கால் தடங்களின் மேலேயே கால் வைத்துத் திரும்பினேன்.

மறுநாள் அப்பா செகந்திராபாத் போய்ப் புதிய பேட்டரி வாங்கி வந்தார். பழையதைவிடப் பெரியது, பெட்டிக்குள் அடங்காமல் மெக்கானிக் இரும்புப்பட்டை வைத்துக் கட்டவேண்டியிருந்தது.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்குங்க புதுசு?" என்றாள் அம்மா.

"விக்கல."

"இவ்வளவு பெருசு எதுக்கு சார்? பாப்பா நோட்டுப்படி பழசே ஓட்டலாம்" என்றார் மெக்கானிக்.

"இருக்கட்டும் தம்பி. தாங்கணும்" என்றார் அப்பா.

ஈஸ்டர் அன்று கல்லறைத் தோட்டத்தில் சூரியோதய ஆராதனை. அம்மாவும் சித்தியும் ஆட்டோவில் முன்னே போய்விட்டார்கள். நான் அப்பாவின் பின்னால் அமர்ந்து போனேன். கேட் மூடியிருந்தது. நாங்கள் வரிசையில் முதலில் நின்றோம். விளக்கு பளிச்சென்று தண்டவாளத்தில் விழுந்தது. அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டி முள்ளைப் பார்த்தேன். அது இலேசாக இடப்பக்கம் சாய்ந்து, மூச்சுவிடுவதைப் போல அசைந்து, நிலைத்தது. ரயில் கடந்தது. என்ஜின் சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. கேட் உயர்ந்தது.

அப்பா வண்டியை எடுக்கவில்லை.

பின்னால் ஹாரன்கள் ஒலித்தன. யாரோ தெலுங்கில் ஏசினார்கள். என் முன்னால் அப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகு அசையாமல் இருந்தது. அவருடைய இரண்டு கால்களும் தரையில் ஊன்றியிருந்தன, தலை குனிந்திருந்தது. அந்தக் கணத்தின் நீளத்தை என்னால் இன்றும் அளக்க முடியவில்லை. கையை உயர்த்தினேன். அடிக்கவில்லை. உள்ளங்கையை விரித்து அந்த முதுகின்மேல் வைத்தேன். சூடாக இருந்தது. "அப்பா" என்றேன்.

"இருக்கேன்" என்றார் அப்பா. வண்டி இருப்புப்பாதையைக் கடந்தது.

அதன்பின் வண்டி எந்தக் கேட்டிலும் நின்றதில்லை. ஜெபம் கேட்கப்பட்டது என்று உபதேசியார் சபையில் சாட்சி சொன்னார். புதிய பேட்டரி எவ்வளவு நேரத்தையும் தாங்கும் என்று நான் சித்தியிடம் இரகசியமாகச் சொன்னேன். சில நாட்களில் மாலைகளிலும் செம்பருத்தியின்மேல் சிவப்புக் கோடு விழத் தொடங்கியது. விடியலிலும் விழுந்தது. முனகல் மட்டும் போய்விட்டது. சில விடியல்களில் ஹாரன் தெளிவாக, ஒரே ஒருமுறை ஒலித்து ஓயும். பூனை என்று அம்மாவும் சொல்லப் பழகிவிட்டாள். இருவருடைய இரகசியங்களும் என்னிடம் இருந்தன. ஒருவருடையதை இன்னொருவரிடம் சொல்லியிருந்தால் அவர்கள் ஒரே நேரத்தில் அங்கே அமர்ந்திருக்கக்கூடுமோ என்று நான் பின்னாளில் பலமுறை யோசித்ததுண்டு.

அம்மா முதலில் போனாள். அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தபோது கொட்டகையைப் பிரித்தார்கள். பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒரு மென்பொருள் பொறியாளர் வண்டியை வாங்கிச் சுரண்டிப் பார்த்து, பாசிப்பச்சையைக் கண்டு மகிழ்ந்தார். சரித்திர நோட்டு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அப்பா இறந்து எட்டு ஆண்டுகளாகின்றன.

அவருடைய முப்பதாம் நாளன்று சித்தி சாப்பாட்டு மேசையின்மேல் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினார். அணைக்க யாரும் இல்லை. அப்போதுதான், அந்தப் பெரிய வெள்ளியன்று நான் கண்டதை அவரிடம் சொன்னேன். அப்பாவின் அந்தக் கேள்வியை மட்டும் சொல்லவில்லை.

"தெரியும்டி" என்றார் சித்தி. "காலையில வாசல் பெருக்குறப்ப அத்தான் வண்டிய அங்க கொண்டு வந்து நிறுத்துவாரு. அந்தச் சின்ன லைட்டு கண்ணாடி ரெண்டும் சூடா இருக்கும். ஒரு மணி நேரம்தான் தாங்கும்னு நீ சொன்னே. அதான் என்னோடத நிறுத்தினேன். அவருக்கு அது வேணும்னு தோணிச்சு."

சுடர்கள் மேசைக் கண்ணாடியில் தலைகீழாக எரிந்தன. அவை முடியும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.

சித்திக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. நான்காவது மாடியில், கொட்டகை இருந்த மூலைக்கு நேர் மேலே, அவரும் நானும் இருக்கிறோம்.